பிரமாணமும் பரிகாரமும்

இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் தேதி அமுலுக்கு வந்தபோது, சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அதைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலரே. பேசியவர்களும் அதை வியாபாரிகளுக்கான சட்டமென்றே கருதினார்கள். ஐக்கிய நாடுகள் சபையின் சர்வதேச வர்த்தகச் சட்ட ஆணையம் 1996இல் வகுத்த மாதிரிச் சட்டத்தை அனுசரித்து, மின்னணு முறையில் நடைபெறும் கொடுக்கல் வாங்கலுக்கு அங்கீகாரம் அளிப்பதே தன் பிரதான நோக்கமென்று அந்தச் சட்டத்தின் முகவுரையே கூறியதால், அவர்கள் அவ்விதம் கருதியதில் வியப்பில்லை. ஆனால் அதற்குள் வேறு இரண்டு அத்தியாயங்கள் இருந்தன. பதினோராவது அத்தியாயம் குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லியது. ஒன்பதாவது அத்தியாயமோ, பிறருடைய கணினிக்குள் அனுமதியின்றிப் புகுந்து நஷ்டம் விளைவித்தவன் அந்த நஷ்டத்தைக் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்று சொல்லியது. போலீஸாரும் பத்திரிகைகளும் பொதுஜனங்களும் அறிந்ததெல்லாம் பதினோராவது அத்தியாயமே. என் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி ஒன்பதாவது அத்தியாயத்தில் கழிந்தது. இழந்தவர் கையில் இழந்த பொருளைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதே சட்டத்தின் முதற் கடமை என்ற எண்ணம் என் மனத்தில் வேரூன்றியதும், இன்று அந்தக் கடமைக்கு நேர்ந்துகொண்டிருக்கும் குறையைக் கண்டு நான் கவலைப்படுவதும் அந்த அனுபவத்தின் விளைவுகளே.

பதினோராவது அத்தியாயத்தின் புகழுக்கு எங்கள் ஊரே காரணமாயிற்று என்று சொல்லலாம். ஒரு பெண்மணியின் பெயராலேயே ஆபாசமான செய்திகளை யாஹூ குழுவொன்றில் பரப்பி, முன்பின் அறியாதவர்கள் அவரைத் தொலைபேசியில் அழைத்துத் துன்புறுத்தும்படி செய்த ஒருவனுக்கு, எழும்பூர் பெருநகர நீதிமன்றம் 2004 நவம்பர் 5ஆம் தேதி தண்டனை விதித்தது. அந்த அத்தியாயத்தின் 67ஆம் பிரிவின் கீழ் நாட்டிலேயே முதலாவதாகப் பெறப்பட்ட தண்டனை என்று அது இன்றளவும் போற்றப்படுகிறது. புகார் கொடுத்த வருஷத்திலேயே தீர்ப்பும் வந்துவிட்ட அந்த வேகத்தை எங்கள் நீதிமன்றங்களில் நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன். அந்த வழக்குக்குப் பிறகு இத்தகைய துன்பத்துக்கு ஆளானவர்கள் துணிந்து புகார் கொடுக்கத் தொடங்கினார்கள். எங்களைப் போன்ற வக்கீல்களும், கணினித் திரையில் தோன்றி மறையும் எழுத்தை நியாயஸ்தலத்தில் எவ்வாறு நிலைநிறுத்துவது என்ற வித்தையைக் கற்க வேண்டியவர்களானோம்.

அந்த வித்தையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இந்தத் தொழிலில் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் அதில்தான் அடங்கியிருக்கின்றன. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் காகிதத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. அதில் மூல ஆவணம் என்றும் நகல் என்றும் இருந்த பாகுபாடு, ஒரு வினாடியில் நூறு பிரதிகள் எடுக்கத்தக்க, எதை மூலம் என்று சொல்வதென்றே விளங்காத மின்னணுப் பதிவுக்குப் பொருந்தவில்லை. ஆகவே 2000ஆம் ஆண்டில் 65-பி என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. கணினியிலிருந்து எடுத்த அச்சுப் பிரதியையோ குறுந்தகட்டையோ சாட்சியமாகக் கொடுப்பவர், அது எந்த இயந்திரத்திலிருந்து, எவ்விதம் எடுக்கப்பட்டது, அந்த இயந்திரம் அக்காலத்தில் ஒழுங்காக இயங்கியதா என்பவற்றையெல்லாம் கூறி, பொறுப்பான ஸ்தானத்தில் உள்ள ஒருவருடைய கையொப்பத்துடன் ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவின் சாரம். ஏட்டில் இது எளிது. ஆனால் ஒரு சிற்றூரின் வங்கிக் கிளைக்குச் சென்று, கணக்கு விவரத்துடன் இந்தச் சான்றிதழையும் கேட்டால், அந்தக் கிளையின் மேலாளர், "சார், இந்த சர்வரை நான் கண்ணால் பார்த்ததே கிடையாது, அது மும்பையில் இருக்கிறதோ ஹைதராபாத்தில் இருக்கிறதோ, அதுவும் எனக்குத் தெரியாது, சரியாக இயங்கியது என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?" என்று மிகுந்த நேர்மையோடு கேட்பார். அவருடைய தயக்கத்தை நான் ஒருபோதும் குறை கூறியதில்லை. தான் அறியாத ஒன்றுக்குச் சாட்சி சொல்ல அஞ்சும் மனிதரிடம் சத்தியத்தின்மேல் மதிப்பு இருக்கிறது. அவருடைய தலைமை அலுவலகத்தில் அந்த சர்வரைப் பராமரிக்கிறவர் யாரென்று கண்டுபிடித்து, அவரிடமிருந்து கையொப்பம் பெறுவதுதான் முறை. அதற்குப் பல வாய்தாக்கள் கழியும்.

நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சான்றிதழ் இல்லாமலும் மின்னணுப் பதிவை ஏற்கலாம் என்று கருதியிருந்தபடியால், கீழ்க்கோர்ட்டுகளில் சான்றிதழ் இல்லாத எத்தனையோ குறுந்தகடுகள் சாட்சியங்களாகக் குறியிடப்பட்டு வந்தன. 2014 செப்டம்பரில் அன்வர் என்பவர் தொடுத்த தேர்தல் வழக்கில் அதே நீதிமன்றம் அந்தக் கருத்தை மாற்றிச் சான்றிதழ் கட்டாயம் என்றது. நிலுவையில் இருந்த வழக்குகளில் அரசுத் தரப்பு திகைத்துப்போயிற்று. பின்னர் 2018இல் ஒரு தளர்வும், 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் மறுபடியும் கண்டிப்பும் வந்தன. இந்தக் கடைசித் தீர்ப்பில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. இயந்திரம் எதிர்க்கட்சியின் வசமோ மூன்றாமவர் வசமோ இருந்து, கேட்டும் சான்றிதழ் கிடைக்காவிட்டால், அதைக் கொடுக்கும்படி உத்தரவிட நீதிமன்றத்தையே அணுகலாம் என்று அது வழி காட்டியது. 2024 ஜூலை 1ஆம் தேதி முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக அமுலில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு இன்னும் ஒரு படி சென்று, சான்றிதழை இரண்டு பகுதிகளாக்கி, ஒன்றைச் சம்பந்தப்பட்டவரும் மற்றொன்றை நிபுணரும் கொடுக்க வேண்டும் என்றும், பதிவின் ஹாஷ் எண்ணையும் அதில் குறிக்க வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. ஹாஷ் என்பது ஒரு கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் கணக்கிட்டுப் பெறும் எண். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் அடியோடு வேறுபட்டுவிடும். கைப்பற்றிய இடத்திலேயே, பஞ்சாயத்தார் முன்னிலையில் அந்த எண்ணை எடுத்து மகஜரில் எழுதிவிட்டால், பிற்பாடு யாரும் திருத்தியதாகச் சொல்ல இடமிராது. ஆனால் தாலூகா நகரங்களில் பகுதி இரண்டில் கையெழுத்திட நிபுணருக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு இன்னும் திருப்தியான பதில் இல்லை. ஏழைக் கட்சிக்காரர் அதற்காகச் செலவழிக்க வேண்டிய தொகை அவர் இழந்ததில் ஒரு கணிசமான பங்காகிவிடுகிறது.

இனி ஒன்பதாவது அத்தியாயத்துக்கு வருகிறேன். சட்டத்தின் 46ஆம் பிரிவு, நஷ்டஈடு கோரும் மனுக்களை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் அதிகாரி ஒருவரை நியமிக்கச் சொல்லியது. 2003இல் மத்திய அரசு ஒவ்வொரு மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரையும் அந்தப் பதவியில் அமர்த்தியது. இதன் பலனாக, கோட்டையில் தலைமைச் செயலகத்தில் அமர்ந்து கோப்புகளைப் பார்க்கும் ஓர் அதிகாரி, சில பிற்பகல்களில் நீதிபதியாகவும் வீற்றிருக்க வேண்டியதாயிற்று. நான்கு மாதங்களுக்குள் முடிந்தவரை தீர்ப்பளிக்க வேண்டும், ஆறு மாதங்களைத் தாண்டலாகாது என்பது விதி. ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். அந்த விஷயங்களில் உரிமையியல் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இல்லை. சிறந்ததோர் ஏற்பாடு இது. ஆயினும் பல்லாண்டு தொழில் செய்த வக்கீல்களிற்கூட இப்படி ஒரு நியாயஸ்தலம் இருப்பதை அறியாதவர்கள் பலர்.

2009 அக்டோபர் 27ஆம் தேதி அமுலுக்கு வந்த திருத்தச் சட்டம் இந்த அத்தியாயத்துக்கு 43-ஏ என்ற ஒரு புதிய பிரிவை அளித்தது. பிறருடைய அந்தரங்கத் தகவல்களைத் தன் கணினியில் வைத்திருக்கும் ஒரு நிறுவனம், நியாயமான பாதுகாப்பு முறைகளைக் கைக்கொள்வதில் அசிரத்தையாக இருந்து, அதனால் ஒருவருக்கு நஷ்டம் நேர்ந்தால், அந்த நிறுவனம் நஷ்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டது என்பது அதன் பொருள். திருடன் யாரென்று தெரியாவிட்டாலும், காவலில் இருந்தவரை நோக்கிக் கேள்வி கேட்கும் உரிமை இதனால் பாதிக்கப்பட்டவருக்குக் கிடைத்தது. திருடன் ஜார்க்கண்டிலோ கம்போடியாவிலோ இருக்கலாம். வங்கி அண்ணா சாலையில் இருக்கிறது. 2011 ஏப்ரலில் வந்த விதிகள், கடவுச்சொல், வங்கிக் கணக்கு விவரம், உடல்நிலை, மருத்துவக் குறிப்பு, கைரேகை முதலியவற்றை நுண்ணிய தகவல்கள் என்று வகுத்து, ஐ.எஸ்.ஓ. 27001 என்ற சர்வதேசத் தரத்தை ஓர் அளவுகோலாகவும் காட்டின. அரசு அலுவலகங்களும் அரசு ஆஸ்பத்திரிகளும் இந்தப் பிரிவுக்குள் வரமாட்டா என்பது அப்போதே இருந்த பெருங்குறை.

2010 ஏப்ரலில் தமிழ்நாட்டின் அதிகாரி அளித்த ஒரு தீர்ப்பு எங்களுக்கெல்லாம் ஊக்கம் அளித்தது. தூத்துக்குடியைச் சேர்ந்த, வெளிநாட்டில் வேலை பார்த்த ஒருவர், தம் வங்கி அனுப்பியது போன்ற ஒரு போலி மின்னஞ்சலால் ஏமாற்றப்பட்டு ஏறக்குறைய ஐந்து லட்சம் ரூபாயை இழந்தார். கடவுச்சொல்லைக் கொடுத்தது வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்ற வங்கியின் வாதத்தை ஏற்காமல், 12 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய் கொடுக்கும்படி அந்த அதிகாரி உத்தரவிட்டார். மோசடிக்காரன் வகுத்த வலையில் வாடிக்கையாளர் சிக்கினார் என்பது மட்டும் வங்கியை விடுவிக்காது, தன் பங்குக்கு வங்கி என்ன காவல் செய்தது என்று காட்ட வேண்டும் என்ற நியாயம் அன்று நிலைபெற்றது.

இதற்குச் சில ஆண்டுகள் பின்னர் என்னிடம் வந்த ஒரு வழக்கை, பெயர்களை விடுத்துச் சொல்கிறேன். தென் மாவட்டத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர்; கணவரை இழந்தவர்; பணி ஓய்வின்போது கிடைத்த தொகை முழுவதையும் ஒரே கணக்கில் வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை மாலையில் அவருடைய கைப்பேசியில் சிக்னல் நின்றுபோயிற்று. அவருடைய எண்ணுக்கு வேறொரு மாவட்டத்துக் கடையில், பொய்யான வாக்காளர் அட்டையின்மேல் நகல் சிம் வழங்கப்பட்டிருந்தது. ஒருமுறைக் கடவுச்சொற்களெல்லாம் அந்தப் புதிய சிம்முக்குச் சென்றன. திங்கட்கிழமை காலையில் அவர் வங்கிக்குப் போனபோது கணக்கில் சில நூறு ரூபாய்களே எஞ்சியிருந்தன. என் அறைக்கு வந்தவர், "தம்பி, திருடனைப் பிடித்து ஜெயிலில் போடுகிறார்களோ இல்லையோ, அது சர்க்கார் பாடு, என் பணம் எனக்கு வருமா, அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார். "வரும் அம்மா, ஆனால் காலம் பிடிக்கும்" என்றேன்.

அந்த விசாரணையில் நாங்கள் கேட்டவை எளிய கேள்விகளே. நகல் சிம் கேட்டு எழுதப்பட்ட விண்ணப்பத்தில் இருந்த புகைப்படம் யாருடையது? சிம் உயிர்பெற்ற நேரம் என்ன? வங்கிக் கணக்கில் புதிய பயனாளிகள் சேர்க்கப்பட்ட நேரம் என்ன? சேர்த்த சில நிமிஷங்களுக்குள், வருஷக்கணக்கில் ஓய்வூதியமும் மளிகைச் செலவும் தவிர வேறு அசைவே இல்லாத ஒரு கணக்கிலிருந்து, அத்தனை பெரிய தொகைகள் வெளியேறியபோது வங்கியின் கணினிக்கு ஏன் சந்தேகம் எழவில்லை? எந்த ஐ.பி. முகவரியிலிருந்து அந்த உத்தரவுகள் வந்தன? இவை எல்லாவற்றுக்கும் விடை சர்வரின் லாக் எனப்படும் பதிவேடுகளில் இருந்தது. அவற்றை அழிந்துபோகாமல் காக்கும்படி முதல் நாளிலேயே எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்திருந்தோம். அந்த ஒரு தாள்தான் வழக்கைத் தாங்கியது என்று இன்றும் என் ஜூனியர்களிடம் சொல்வதுண்டு. தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அசலையும் வட்டியையும் வங்கியும் தொலைபேசி நிறுவனமும் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்று அதிகாரி உத்தரவிட்டார்.

ஆனால் மேல்முறையீட்டுக்கான தீர்ப்பாயம் டில்லியில் இருந்தது. இருந்தது என்பதைக் கட்டடத்தளவில்தான் கூற முடியும். 2011 ஜூன் மாத இறுதியில் அதன் தலைவர் ஓய்வுபெற்ற பின், புதிய தலைவர் எவரும் நியமிக்கப்படவில்லை. 2017இல் தொலைத்தொடர்புத் தகராறுகளுக்கான தீர்ப்பாயத்துடன் அது இணைக்கப்படும் வரை, நாடு முழுவதிலுமிருந்து சென்ற மேல்முறையீடுகள் உத்தரவின்றிக் கிடந்தன. நான்கு மாதங்களில் முடிய வேண்டும் என்று விதித்த சட்டத்துக்கு, அதன் மேல்படியில் ஆறு ஆண்டுக் காலம் தலைவரே இல்லை. செலுத்தப்படாத நஷ்டஈட்டை நிலவரிப் பாக்கியைப் போல வசூலிக்கலாம் என்று 64ஆம் பிரிவு சொல்வதைக் காட்டி, நாங்கள் கலெக்டர் அலுவலகத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் மாறி மாறி அலைந்தோம். இறுதியில் எதிர்க்கட்சிகள் சமரசத்துக்கு இசைந்து தொகையைக் கொடுத்தார்கள். தலைமையாசிரியை அம்மாள் அதைப் பெற்றுக்கொண்டார் என்பதில் எனக்கு ஆறுதல் உண்டு. அந்த ஆண்டுகளில் அவர் தம் மகளுக்கும் மருமகனுக்கும் முன்னால் எவ்வளவு கூனிக் குறுகினார் என்பதை எந்த உத்தரவும் ஈடு செய்யவில்லை.

இடைக்காலத்தில் 66-ஏ என்ற பிரிவு நாட்டின் கவனம் முழுவதையும் கவர்ந்திருந்தது. பிறருக்கு எரிச்சல் விளைவிக்கும் செய்தியை அனுப்பினால் மூன்றாண்டுச் சிறை என்ற அந்தப் பிரிவால் மாணவிகளும் கேலிச்சித்திரக்காரர்களும் கைதானார்கள். 2015 மார்ச் 24ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று நீக்கியது. நீக்கிய பின்னரும் சில காவல் நிலையங்களில் அதன் கீழ் வழக்குகள் பதிவானதும், 2021இல் உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்ததும் வருந்தத்தக்க சரித்திரம். தமிழ்நாட்டில் 2014இல் குண்டர் தடுப்புச் சட்டத்துக்குள் இணையக் குற்றவாளிகளும் சேர்க்கப்பட்டார்கள். விசாரணையின்றி ஓராண்டு அடைத்துவைக்கும் அதிகாரத்தை, குற்றம் நிரூபணமாவதற்குரிய பிரமாணங்களைச் சேகரிக்கும் சிரமத்துக்கு மாற்றாகப் பிரயோகிப்பது எனக்கு உடன்பாடில்லை.

பாதிக்கப்பட்டவரை நினைத்து எழுதப்பட்ட ஏற்பாடுகளும் இல்லாமற் போகவில்லை. 2017 ஜூலை 6ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். வங்கியின் குறையோ வாடிக்கையாளரின் குறையோ இன்றி வேறொருவரால் நேர்ந்த மோசடியை, வங்கியின் அறிவிப்புக் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் என்றால் அவருடைய பொறுப்பு ஒரு வரம்புக்குட்பட்டது. தெரிவித்த பத்து வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையை வங்கி தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். வாடிக்கையாளரே தவறு செய்தார் என்று நிரூபிக்கும் பாரம் வங்கியைச் சேர்ந்தது. இதைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு கிளையின் சுவரிலும் ஒட்டினால் எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கும். பிறகு 1930 என்ற உதவி எண் வந்தது. பணம் போன முதல் மணி நேரங்களில் அந்த எண்ணுக்குச் சொன்னால், கணக்கிலிருந்து கணக்குக்கு ஓடிக்கொண்டிருக்கும் தொகையை வழியில் நிறுத்த முடிகிறது. ஆனால் இதனால் வேறொரு துன்பமும் முளைத்தது. மோசடிப் பணத்தில் ஐந்நூறு ரூபாய் பத்துக் கை மாறி ஒரு டீக்கடைக்காரரின் கணக்குக்கு வந்துவிட்டால், வேறொரு மாநிலத்துப் போலீஸாரின் கடிதத்தின்மேல் அவருடைய கணக்கு முழுவதும் முடக்கப்படுகிறது. அவர் பால்காரருக்குக் கொடுக்க வழியின்றி என் போன்றவர்களிடம் வருகிறார். சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து எஞ்சியதை விடுவிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் உள்ளிட்ட பல உயர் நீதிமன்றங்கள் உத்தரவிட்டிருக்கின்றன. அந்த உத்தரவைப் பெறுவதற்குள் கடைக்காரரின் கைமுதல் கரைந்துவிடுகிறது.

பிரமாணத்தைப் பொறுத்தவரை 2022 ஏப்ரல் 28ஆம் தேதியைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அமைப்பான செர்ட்-இன் அன்று பிறப்பித்த கட்டளை, ஊடுருவல் முதலிய சம்பவங்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், லாக் பதிவுகளை 180 நாட்கள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும் என்றும், எல்லாக் கணினிகளின் கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும் என்றும் விதித்தது. ஆறு மணி நேரம் போதாது என்று நிறுவனங்கள் முறையிட்டன. எனக்கோ அந்தக் கடிகார விதியே பெரும் நன்மையாகத் தோன்றியது. வங்கியின் கடிகாரம் ஒரு நேரத்தையும் தொலைபேசி நிறுவனத்தின் கடிகாரம் மற்றொரு நேரத்தையும் காட்டினால், சிம் மாறியது முன்னா பணம் போனது முன்னா என்பதைக் குறுக்கு விசாரணையில் நிலைநாட்டுவது பெரும்பாடு.

இத்தனை ஆண்டுகளுக்கு நடுவே, அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்ற மகத்தான தீர்ப்பை 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அளித்தார்கள். கர்நாடக உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தம் முதிர்ந்த வயதில் தொடுத்த வழக்கு அது. அதையொட்டி நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான குழு 2018இல் ஒரு மசோதாவை எழுதிக் கொடுத்தது. 2019இல் அரசு கொண்டுவந்த மசோதா, கூட்டுக் குழுவின் நீண்ட பரிசீலனைக்குப் பின் 2022 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. இறுதியில் 2023 ஆகஸ்ட் 11ஆம் தேதி டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன.

இந்தச் சட்டத்தில் போற்றத்தக்கவை உண்டு. ஒருவரிடம் தகவல் கேட்கும் நிறுவனம், எதற்காகக் கேட்கிறது என்பதை ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் அவர் விரும்பும் ஒன்றிலோ படிக்க வழி செய்ய வேண்டும். ஆகவே தமிழில் கேட்டுத் தமிழில் சம்மதிக்கும் உரிமை முதன்முறையாகச் சட்டத்தில் ஏறியிருக்கிறது. தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும்; இந்தச் சட்டத்தின் கீழ் அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் கொடுக்க வேண்டும்; லாக் பதிவுகளை ஓராண்டு காக்க வேண்டும். பாதுகாப்பில் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அரசின் அங்கங்களுக்கு அறிவிக்கை ஒன்றினால் விலக்கு அளிக்கலாம் என்ற பிரிவும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இதன் மூலம் செய்யப்பட்ட திருத்தமும் கடுமையான ஆட்சேபத்துக்கு உரியவை. அவற்றைப் பற்றி அறிஞர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவ்வளவாக எவரும் எழுதாத ஒன்றையே நான் சொல்ல விரும்புகிறேன்.

இந்த 250 கோடியில் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாயும் இல்லை. அபராதம் முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதியில் சேரும் என்று 34ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. நஷ்டஈடு அளிக்கும் அதிகாரம் வாரியத்துக்குக் கொடுக்கப்படவில்லை. ஸ்ரீகிருஷ்ணா குழுவின் மசோதாவிலும் 2019இன் மசோதாவிலும் இருந்த நஷ்டஈட்டு ஏற்பாடு, நிறைவேறிய சட்டத்தில் இடம்பெறவில்லை. அம்மட்டோடு நில்லாமல், 44ஆம் பிரிவு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலிருந்து 43-ஏ பிரிவையே அகற்றிவிடுகிறது. மறுபுறம், புகார் கொடுப்பவர் பொய்யான அல்லது அற்பமான புகார் கொடுத்தால் அவருக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அத்தனை பெரிய அபராதம் நிறுவனங்களை நல்வழியில் நிறுத்தும், அதனால் எல்லோருக்கும் நன்மை என்று இதை ஆதரிப்போர் சொல்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்லவே. அபராதம் அரசுக்கும் நஷ்டஈடு இழந்தவருக்கும் என்று இரு வழிகளையும் திறந்துவைத்த சட்டங்கள் உலகில் உண்டு. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு விதி அவற்றுள் ஒன்று. உரிமையியல் நீதிமன்றமும் நுகர்வோர் ஆணையமும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, ஆயினும் தன் கணினிகளுக்குள் நடந்ததைத் தானே விளக்கும்படி நிறுவனத்தை நேராகக் கட்டாயப்படுத்திய, கணினி விஷயங்களுக்கென்றே அமைந்த அந்தச் சிறிய நியாயஸ்தலத்தின் இடத்தை அவை முழுவதும் நிரப்ப மாட்டா.

43-ஏ பிரிவை அகற்றும் விதி, 2025 நவம்பரிலிருந்து பதினெட்டு மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் அமுலுக்கு வருகிறது. அதற்கு முன் தாக்கல் செய்த மனுக்களின் கதி என்னவாகும் என்பதில் வழக்கறிஞர்களிடையே இருவேறு கருத்துகள் உள்ளன. இவ்விதம் அகற்றப்பட்ட ஏற்பாட்டுக்கு, ரத்துச் செய்யப்பட்ட சட்டத்துக்குள்ள பாதுகாப்பு பொருந்தாது என்று சென்னையைச் சேர்ந்த ராயலா கார்ப்பொரேஷன் வழக்கில் 1969இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. பொருந்தும் என்று 2015இல் ஃபைபர் போர்ட்ஸ் வழக்கில் கூறியிருக்கிறது. பின்னதே நியாயம் என்பது என் கருத்து. நேர்ந்துவிட்ட நஷ்டத்தின்மேல் ஏற்பட்டுவிட்ட உரிமையை, பிற்காலத்துத் திருத்தம் வாய்திறந்து சொல்லாமல் பறிக்கலாகாது.

இப்போது என் மேஜையில் ஒரு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்ட இளம் பெண் ஒருவரின் அறிக்கை, பூட்டப்படாத ஓர் இணையக் கோப்புறையிலிருந்து வெளியேறி, அவருடைய உறவினர்களின் வாட்ஸாப்புக்கு வந்துவிட்டது. நிச்சயமாகியிருந்த திருமணம் நின்றது. வேலையையும் அவர் விட்டுவிட்டார். 2027இல் அமுலாகும் புதிய சட்டத்தில் அபராதம் பெரிதாமே, அதற்காகக் காத்திருக்கலாமா என்று அவருடைய தந்தையார் கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, அந்த அபராதம் யாருக்குப் போய்ச் சேரும் என்பதை விளக்கினேன். கூடத்தின் சர்வர் லாக்குகளைக் காக்கும்படி அறிவிப்புச் சென்றுவிட்டது. சான்றிதழின் இரண்டாம் பகுதிக்கு ஒரு நிபுணரைப் பேசி முடித்திருக்கிறோம். 43-ஏ பிரிவு உயிரோடிருக்கும்போதே, இந்த மாத முடிவுக்குள், கோட்டையில் தாக்கல் செய்துவிடுவதாக உத்தேசம்.